மவுண்ட் ரோட்டுத் திருமுகங்கள்

கொட்டகைக்குள்ளே இன்ன வேடிக்கை நடக்கிறது என்று தெருவில் போகிறவனை நிறுத்திச் சொல்லும் வித்தை, நம் நாட்டில் சினிமாவைக் காட்டிலும் வயதில் மூத்தது. கூத்து நடக்கும் ஊரில் பொழுது சாய்ந்ததும் களரி கட்டி, மத்தள ஓசையாலேயே அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குச் செய்தி விட்ட காலத்தில் அது காதுக்கு உரிய வித்தையாக இருந்தது; நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக முகாம் போட்டு, அச்சடித்த துண்டுக் காகிதத்தை வண்டியிலிருந்து வீசிச் சென்ற காலத்தில் காதுக்கும் கண்ணுக்கும் பொதுவாயிற்று; சினிமா வந்து, அதன் பின்னே கல் அச்சும் எண்ணெய்ச் சாயமும் சவுக்குக் கம்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த பின்னர்தான் முழுக்க முழுக்கக் கண்ணின் வித்தையாகி, சென்னை மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகிற பிரயாணியின் கழுத்தைத் திருப்பிவிடும் வல்லமை பெற்றது. இந்தச் சரித்திரத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த நடிகருக்கு எத்தனை அடி உயரம் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ அந்த உயரத்தைக் காட்டிலும், சித்திரத்துக்கும் பார்ப்பவனுக்கும் இடையிலிருந்த தூரமே சுவாரஸ்யமாகப் படுகிறது. கையில் வைத்துப் படிக்கும் நோட்டீசுக்கும், பத்தடி தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கும், நூறடிக்கு அப்பால் ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்கும் பேனருக்கும் தொழில் வேறு, தந்திரம் வேறு, அதைச் செய்கிற கைகளும் வேறு.

நோட்டீசை முதலில் எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்டிருந்த நாட்களில், படம் மாறும் தினத்தன்று காலையில் மாட்டு வண்டி ஒன்று தெருவுக்குள் நுழையும். இரண்டு மூங்கில் தட்டிகளைக் கூரைபோல் ஒன்றோடொன்று சாய்த்துக் கட்டி, அவற்றின் மேல் சுவரொட்டியை ஒட்டியிருப்பார்கள். அந்தக் கூரையின் நிழலில் ஒருவர் டிரம் அடிக்க, இன்னொருவர் தகரக் குழாயை வாயில் வைத்துப் படத்தின் பெயரைக் கூவ, மூன்றாமவர் வண்டியின் பின்புறத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ரோஜா நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் மெல்லிய காகிதங்களை வீசிக்கொண்டு போவார். பின்னால் ஓடும் பையன்களில் நானும் ஒருவன். நோட்டீசைப் பொறுக்குவதில் எங்களுக்கிருந்த ஆர்வம் அதைப் படிப்பதில் இருந்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் கொடுத்தால், எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதவர் பத்துப்பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த வழக்கத்தை நோட்டீஸ் எழுதியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் போலும். ஆச்சரியக்குறிகளை அடுக்கி, எதுகை மோனையைக் கோத்து, ‘கண்டு களியுங்கள்’ என்றும் ‘காணத் தவறாதீர்கள்’ என்றும் அவர்கள் எழுதிய வாசகங்கள், வாசிப்பவனின் கண்ணைக் காட்டிலும் கேட்பவனின் செவியை உத்தேசித்தே அமைந்தன. பெரிய எழுத்துக்களை ஈயத்தில் வார்த்தால் சுமையாகும் என்பதனால் மரத்தில் செதுக்கி வைத்திருந்த உள்ளூர் அச்சுக்கூடங்களில், நாயகியின் முகத்துக்குரிய பிளாக் தேய்ந்து மூக்கும் வாயும் மறைந்துபோனாலும் யாரும் குறை சொன்னதில்லை. முகத்தை அந்தக் காகிதத்தில் எவரும் எதிர்பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் இந்த இனத்தையே சேர்ந்தது. கதைச் சுருக்கத்தைச் சுவையான கட்டத்தில் நிறுத்தி, மிகுதியை வெள்ளித்திரையில் காண்க என்று கைவிரித்துவிடும் அந்தச் சாதுர்யத்துக்கு நிகரான விளம்பர உபாயம் பின்னால் எதுவும் தோன்றவில்லை என்றே நான் கருதுகிறேன்.

கூடாரச் சினிமாவுக்குத் தமிழ்நாட்டில் வழி திறந்தவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபட வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905ஆம் ஆண்டில் தூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பிய அவர், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி நிலைகொண்டார். சினிமா ஓர் இடத்தில் நிலைத்து நின்ற பிறகுதான் அதற்குச் சுவர் தேவைப்பட்டது. வண்டியில் ஊரைச் சுற்றிவரும் விளம்பரம் போதாமல், ஊரே தன்னைக் கடந்து செல்லும் இடத்தில் நின்று பேசும் விளம்பரம் தேவைப்பட்டது.

சுவரொட்டியின் பூர்வீகம் ஐரோப்பா. பவேரியாவில் 1796ஆம் ஆண்டளவில் செனபெல்டர் கண்டுபிடித்த கல் அச்சு முறை, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற சமையலறை உண்மையை ஆதாரமாகக் கொண்டது: வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த மைக்கோலால் இடவலம் மாற்றி வரைந்து, கல்லை நனைத்து, மையுருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒவ்வொரு கல். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பரில் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டத் தொடங்கியபோது, இந்த அச்சு அங்கே தெருவெல்லாம் வியாபித்திருந்தது. அவர்களுக்காக ஓசோல் என்ற சித்திரகாரர் வரைந்த சுவரொட்டியைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விசேஷம் புலப்படும். தோட்டக்காரன் முகத்தில் குழாய்த் தண்ணீர் பீச்சியடிக்கும் காட்சி திரையில் தெரிய, அதைப் பார்த்துச் சிரிக்கும் ஜனங்களைத் திரைக்கு முன்னே வரைந்து, அவர்களுக்கும் சமமான இடம் கொடுத்திருக்கிறார் அவர். முன்பின் பார்த்திராத பொருளுக்கு ஆள் சேர்ப்பதானால், பொருளை மட்டும் காட்டினால் போதாது, ஏற்கனவே சேர்ந்துவிட்ட கூட்டத்தையும் காட்டவேண்டும் என்ற சூட்சுமம் ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது.

நம் நாட்டில் இந்த இரண்டு தொழில்களும் தொடக்கத்திலேயே உறவு கொண்டவை. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வைத் தந்த பால்கே, அதற்கு முன்பு லோனாவலாப் பக்கத்தில் ரவி வர்மாவின் படங்களை அச்சிட்ட அச்சகத்தோடு தொழில் தொடர்பு கொண்டிருந்தவர். கோலாப்பூரில் நாடகத் திரை எழுதியதனாலேயே ‘பெயின்டர்’ என்ற பெயரைப் பெற்ற பாபுராவ், 1920இல் ‘சைரந்திரி’ எடுத்தபின், தம் படங்களுக்குத் தாமே சுவரொட்டி வரைந்தார். பம்பாய்க்குப் பிழைக்க வந்த ஓவியர் எம். எப். ஹுசைன், 1930களில் அந்நகரின் சினிமாத் தட்டிகளுக்குச் சாயம் பூசித்தான் வயிறு வளர்த்தார் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வருவோம். 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானபோது, விளம்பரத்தில் பிரதானமாக நின்றது பேச்சு என்ற அதிசயமே. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன அந்தப் படத்துக்கு முகத்தின் தயவு வேண்டியிருக்கவில்லை. முகம் முன்னே வந்ததற்கு நட்சத்திரங்களின் உதயம் ஒரு காரணம், சிவகாசி இன்னொரு காரணம். மழை குறைந்த அந்தக் கரிசல் பூமியிலிருந்து 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட அஸ்திவாரத்தின் மேல், தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும் என்று கல் அச்சு யந்திரம் வந்தது. சீட்டு அடித்த யந்திரம் காலண்டர் அடித்தது. காலண்டர் அடித்த யந்திரத்துக்குச் சுவரொட்டி அடிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. காற்றில் ஈரமில்லாத ஊரில் மருந்தும் சீக்கிரம் காயும், மையும் சீக்கிரம் காயும். சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, பிறகு கோவில்பட்டியில் நிலைத்துவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சிஷ்யர்களும் எழுதிய தெய்வப் படங்கள் வீட்டுக்கு வீடு தொங்கிய காலம் அது. முருகப்பெருமானின் கன்னத்தில் அவர்கள் ஏற்றிய அந்த ரோஜாச் சிவப்பே சுவரொட்டிக் கதாநாயகியின் கன்னத்திலும் ஏறியது என்றால் அது தற்செயலன்று. பூஜை அறைச் சுவரிலும் தெருச் சுவரிலும் பேசிய பாஷை ஒன்றே.

விளம்பரத்தையே தனிப்பெரும் கலையாகக் கருதியவர் எஸ். எஸ். வாசன். விளம்பர ஏஜெண்டாக வாழ்க்கையைத் துவக்கி, 1928இல் ‘ஆனந்த விகட’னை விலைக்கு வாங்கி, பின்னர் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவிய அவர், ஐந்தாண்டுக் காலம் தயாரிப்பில் இருந்த ‘சந்திரலேகா’வை 1948 ஏப்ரல் 9ஆம் தேதி வெளியிட்டார். போட்ட பணம் 30 லட்சம் ரூபாய் என்பது அக்காலத்தில் ஊர் வாயில் புழங்கிய கணக்கு. இராட்சத முரசுகளின்மேல் வரிசை வரிசையாக நின்று ஆடும் பெண்களின் காட்சியை அந்தப் படத்தின் அடையாளமாகவே அவர் ஆக்கினார். கதை என்ன, காதலன் யார் என்ற விசாரணைக்கே இடமில்லாமல், அந்த முரசுகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு ஒன்றே ஜனங்களைக் கொட்டகைக்குத் தள்ளியது. அதே ஆண்டு டிசம்பரில் ஹிந்திப் பிரதியை வடநாட்டில் வெளியிட்டபோதும், மொழி தெரியாத மனிதர்களுக்கு மொழி வேண்டாத அந்த ஒரு சித்திரமே கைகொடுத்தது.

இனிப் பேனருக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வாலிப வயதில் சென்னைக்கு வந்த புதிதில், நான் குடியிருந்த சந்தின் கோடியில் பேனர் எழுதும் கூடம் ஒன்று இருந்தது. கீற்றுக் கொட்டகை, மண் தரை, மூக்கைத் துளைக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. சவுக்குக் கம்புகளாலான சட்டங்களில் காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, வஜ்ஜிரப் பசையும் வெள்ளைப் பொடியும் கலந்து பூசிக் காயவைத்திருப்பார்கள். படக் கம்பெனி கொடுத்தனுப்பிய ஸ்டில், உள்ளங்கை அகலமே இருக்கும். அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, துணியில் அதே கட்டங்களை அடிக்கணக்கில் பெரிதாகப் போட்டுக்கொண்டு, கரித்துண்டால் உருவத்தைக் கட்டம் கட்டமாக மாற்றுவார்கள். இருட்டியபின் விளக்குக் கருவியால் ஸ்டில்லைத் துணியின்மேல் பெரிதாக விழச் செய்து, நிழலின் ஓரத்தைப் பிடித்து வரைந்துகொள்வதும் உண்டு. பிறகு வேலை பிரிவினையாகும். வானம், மரம், புடவை முதலியன சின்னப் பையன்களுக்கு. எழுத்து, லெட்டரிங் ஆளுக்கு. முகம் மட்டும் மாஸ்டருக்கு. ஒன்பது மணிக்கு மேல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவர் வருவார்; வந்ததும் தூரிகையை எடுக்கமாட்டார், பத்துப் பதினைந்து அடி பின்னால் போய் நின்று வெகுநேரம் பார்ப்பார்.

அவர் சாயம் வைத்த விதம் எனக்கு முதலில் விளங்கவே இல்லை. கதாநாயகனின் கன்னத்தில் ஒரு பிடி பச்சை, மூக்கோரத்தில் ஊதா, நெற்றியில் ஆரஞ்சு, மோவாய்க்குக் கீழே நீலம்; கிட்டே நின்று பார்த்தால் அம்மை வார்த்து ஆறிக்கொண்டிருக்கும் முகம்போல் அருவருப்பாக இருந்தது. ‘என்னண்ணே, மூஞ்சியெல்லாம் பச்சையா இருக்கு?’ என்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். ‘தம்பி, உனக்கா எழுதறேன்? தெரு எதிர்ச்சாரிக்குப் போய் நின்னு பாரு’ என்றார். போய்ப் பார்த்தேன். பச்சையும் ஊதாவும் கரைந்துபோய், எலும்பும் சதையுமாக, வெயில் பட்ட முகம் ஒன்று என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. நூறடித் தூரத்தில் தோல் நிறத்தைத் தோல் நிறத்தாலேயே எழுதினால் அப்பளம்போல் தட்டையாகிவிடும். வெளிச்சத்துக்கு உஷ்ண வர்ணமும் நிழலுக்குக் குளிர்ந்த வர்ணமும் அகலமாக அப்பினால்தான் தூரம் அவற்றைக் குழைத்துக் கொடுக்கும் என்ற சாஸ்திரத்தை, எந்தக் கலாசாலையிலும் கால் வைக்காத அந்த மனிதர் சாயத்தோடும் மண்ணெண்ணெயோடும் கற்றுக்கொண்டிருந்தார். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவனுக்குக் கிடைப்பது நாலைந்து விநாடி. அதற்குள் அவன் கண்ணைப் பிடித்தாக வேண்டும். ஆகையால் விழிகளை மட்டும் இருக்கவேண்டிய அளவைக் காட்டிலும் சற்றே பெரிதாக்கி, பார்ப்பவனை நேரே நோக்கும்படி வைத்துவிடுவார். நகைக்கும் கிரீடத்துக்கும் ஜிகினா வட்டங்களைத் தைத்துவிட்டால், கடற்காற்றில் அவை அசைந்து அசைந்து மின்னும். மவுண்ட் ரோட்டில் மாலை வேளையில் அந்த மினுமினுப்பைக் கண்டவர்கள் மின்சார விளக்கை மெச்சமாட்டார்கள்.

கலையின் சங்கடங்களைக் காட்டிலும் கௌரவத்தின் சங்கடங்கள் அதிகம். இரண்டு பெரிய நடிகர்கள் ஒரே படத்தில் வந்துவிட்டால் தலைகளின் அளவை நூல் பிடித்துப் பார்ப்பார்கள். யார் வலப்பக்கம், யாருடைய பெயர் மேலே என்பதெல்லாம் ராஜாங்க விவகாரங்களாகும். காமெடியன் மூலையில் முழு உருவமாக நிற்கலாம். வில்லனுக்குப் பச்சை கொஞ்சம் தாராளம். வயதான தாயின் கண்ணீருக்குக் கண்ணாடித் துண்டு பதித்ததையும் பார்த்திருக்கிறேன். கதையில் துப்பாக்கியே இராது, பேனரில் இருக்கும். இதை மோசடி என்று பத்திரிகைக்கு எழுதியவர்கள் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் கடனை யாரும் அச்சிடுவதில்லை என்பதே அவர்களுக்கு என் பதில்.

1957இல் ‘வணங்காமுடி’ வெளியானபோது, சென்னை சித்ரா தியேட்டர் முன்பு மோகன் ஆர்ட்ஸார் சிவாஜி கணேசனுக்கு 80 அடி உயரத்தில் கட்-அவுட் நிறுத்தினார்கள். சட்டத்துக்குள் அடங்கிய சித்திரமாக அதுவரை இருந்த உருவம், சட்டத்தை உதறிவிட்டு ஆகாயத்தை முதுகில் போட்டுக்கொண்டு நின்றது. இந்த இடத்தில்தான், என் அபிப்பிராயத்தில், தொழிலின் திசை திரும்பியது. அவ்வளவு உயரமான உருவத்தை அதன் காலடியில் நின்று பார்க்கமுடியாது. ஆனால் ஜனங்கள் காலடியில்தான் வந்து நின்றார்கள். படத்துக்கு வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவனை இழுப்பதற்காகப் பிறந்த விளம்பரம், எப்படியும் வந்தே தீருவேன் என்று உறுதி பூண்டவனின் உற்சவ மூர்த்தியாயிற்று. மாலை போட்டார்கள், சூடம் ஏற்றினார்கள், பிற்காலத்தில் சாரத்தின்மேல் ஏறிப் பாலாபிஷேகம் செய்தார்கள். செலவும் படக் கம்பெனியிடமிருந்து மெல்ல மெல்ல ரசிகர் மன்றத்தின் உண்டியலுக்கு மாறியது.

முகத்தின் பலத்தை அரசியல் அறிந்துகொள்ளாமல் இருக்குமா? 1967 ஜனவரி 12ஆம் தேதி எம். ஜி. ஆர். சுடப்பட்டு, ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டோடு இருந்த நிலையில் எடுத்த புகைப்படத்தைச் சுவரொட்டியாக அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் ஒட்டினார்கள். கிரீடமில்லை, வாளில்லை, ஜிகினாவும் இல்லை. கைகூப்பி வாக்குக் கேட்டது ஒரு நோயாளியின் முகம். அவர் பரங்கிமலைத் தொகுதியில் பிரசாரத்துக்குப் போகாமலே வென்றார்; அவர் கட்சி ஆட்சியைப் பிடித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்சியிலிருந்து அவர் நீக்கப்பட்டபின், 1973 மே மாதம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்த சமயத்தில் சென்னையில் சுவரொட்டிக்கு வரி உயர்ந்திருந்தது. சுவரை விட்டுவிட்டு, பின்னாளில் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்ற பாண்டுவைக் கொண்டு ஸ்டிக்கர் தயாரித்து ஒட்டினார்கள். நின்ற இடத்தில் நின்ற விளம்பரம் வண்டிகளின் முதுகில் ஏறி, மறுபடியும் தெருத்தெருவாகச் சுற்றப் புறப்பட்டது.

சுவரொட்டி ஒட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம் சேரும். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு, வாளியும் ஏணியும் தேங்காய் நார்த் தூரிகையுமாக ஊர் உறங்கியபின் கிளம்பும் அவர்களுக்கு இரண்டு விரோதிகள்: எதிர்க் கம்பெனியின் ஆட்கள் ஒன்று, பசு மாடு மற்றொன்று. 30க்கு 40 அங்குலத் தாள்களைப் பக்கம் பிசகாமல் சேர்த்து ஒட்டி, ஆறு தாளில் ஒரு முகம் எழுப்பிவிட்டுப் போனால், விடிவதற்குள் வாய் இருந்த தாளை மாடு தின்றிருக்கும். பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்க 1959இலேயே சட்டம் வந்தது. ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்ற எச்சரிக்கையின் மேலேயே ஒட்டுவது சம்பிரதாயமாக நீடித்தது. இரண்டாம் வாரத்தில் குறுக்கே ஒட்டும் துண்டுத் தாளில் ‘வெற்றிநடை போடுகிறது’ என்று இருக்கும். அந்தத் தாள் காய்வதற்குள் படத்தை எடுத்துவிட்ட கொட்டகைகளை நான் அறிவேன்.

பின்னாளில் ஆப்செட் அச்சு வந்து, புகைப்படத்தை வெட்டி ஒட்டிச் சுவரொட்டி அமைக்கும் டிசைனர்கள் தலையெடுத்தார்கள். பாலகொல்லிலிருந்து சென்னை வந்து, டைரக்டர் பாபுவின் ‘சாட்சி’ (1967) தொடங்கிப் பல மொழிகளில் எண்ணற்ற படங்களுக்கு உருவம் தந்த ஈஸ்வர் அவர்களில் தலையானவர். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் எழுதவேண்டிய பேனரை ஒரு மணி நேரத்தில் கக்கும் யந்திரத்தோடு போட்டியிட எந்த மாஸ்டராலும் முடியவில்லை. 2008இல் கோர்ட்டு உத்தரவால் சென்னையின் பெரிய தட்டிகளும் இறங்கின. சந்துக் கோடியிலிருந்த அந்தக் கூடம் அதற்கு முன்பே மூடப்பட்டு, இரு சக்கர வண்டிகள் நிறுத்தும் இடமாகிவிட்டது.

பேனர் துணியை யாரும் எறிந்ததில்லை. படம் ஓடி முடிந்ததும் வெள்ளையடித்து மறு படத்துக்கு எழுதுவார்கள். நாலைந்து முறை எழுதி நைந்தபின் கூரைக்கும் தட்டிக்கும் விலை போகும். அப்படி ஒரு துணி, நான் வழக்கமாகப் போகும் டீக்கடையின் பக்கச் சுவராக வெகுகாலம் தொங்கியது. ஐப்பசி மழையில் சாயம் செதில் செதிலாக உரிந்து, மேலேயிருந்த கதாநாயகனின் கன்னத்துக்குள்ளிருந்து வேறொருவருடைய மீசை வெளிப்பட்டுவிட்டது. அது யாருடைய மீசை என்று இரண்டு கட்சிக்காரர்கள் கடையில் தினமும் சண்டையிட, கடைக்காரர் ஒரு நாள் சலித்துப்போய் அந்த இடத்தில் விலைப்பட்டியலைத் தொங்கவிட்டார்.